பந்தும் பிழைப்பும்: ரக்பித் தொழிலாட்டக்காரரின் வாழ்க்கை

பேராக்கின் அரச நகரான கோலகங்சாரில் பழமைச் சிறப்புடையவை இரண்டு உள்ளன. ஒன்று, 1877ஆம் ஆண்டில் நடப்பெற்ற கன்றுகளுள் எஞ்சியதெனப் போற்றப்படும் ரப்பர் மரம். மற்றொன்று, 1905ஆம் ஆண்டில் தோன்றிய மலாய்க் கல்லூரி. முன்னதன் இனம் மாநிலமெங்கும் தோட்டங்களாகப் பரவித் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையும் உறைவிடமும் தந்தது. பின்னதன் திடல் ரக்பி ஆட்டத்திற்குப் பெயர் பெற்றது. இரண்டும் ஓரூரில் இருந்தும், பால்மரக் காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அவ்வாட்டம் அயலாகவே இருந்துவந்தது. தோட்டத்துத் திடலில் ஆடப்பட்டவை கால்பந்தும் சடுகுடுவும். ரக்பியோ துரைமார் மன்றங்களுக்கும் நகரத்துப் பள்ளிகளுக்கும் உரியதாயிருந்தது. இன்று அவ்வாட்டம் பல நாடுகளில் ஊதியம் தரும் தொழில். உடல் வலிமை மிக்க மாணவன் ஒருவன் அதனை நாடினால் ஆசிரியர் யாது சொல்லுவது? அதற்கு அத்தொழிலின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஆட்டம் எளிதில் விளங்கக்கூடியதே. அணிக்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றினால் 5 புள்ளிகள். பந்தை உதைத்து முன்னே செலுத்தலாம். கையால் எறிவதாயின் பின்னோக்கியே எறிதல் வேண்டும். பந்தை ஏந்தி ஓடுபவரை எதிரிகள் கட்டிப்பிடித்து வீழ்த்துவர். சடுகுடுவில் பாடி வந்தவனை மடக்குவது போன்றதே இது. ஆயின் 100 கிலோவுக்கு மேற்பட்ட உடல்கள் முழு ஓட்டத்தில் மோதிக்கொள்ளும். அம்மோதலே ஆட்டத்தின் கவர்ச்சி. ஆட்டக்காரரின் ஆயுளைக் குறைப்பதும் அதுவே.

இவ்வாட்டத்திற்குக் கூலி பெறுவது நெடுங்காலம் குற்றமாகக் கருதப்பட்டது. 1871இல் இங்கிலாந்தில் ரக்பிச் சங்கம் அமைந்தபோது, பொருள் வசதியுடையோர் பொழுதுபோக்காகவே இதனைப் போற்றினர். வடபகுதிச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆட வந்தபோது இடர் எழுந்தது. ஆட்டத்திற்காக வேலையை விட்டால் அன்றைய கூலி போயிற்று. பெரட்டுக்கு வராதவருக்குப் பேர் இல்லை என்ற தோட்டத்து நடைமுறையை அறிந்தோர்க்கு இதன் வலி எளிதில் புரியும். இழந்த கூலியையாவது ஈடுசெய்க என வடபகுதி மன்றங்கள் கேட்டன, சங்கம் மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அவை ஹட்டர்ஸ்பீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. பிரிந்தவர் ஆட்டமே பின்னர் ‘ரக்பி லீக்’ எனப்பட்டது. பழைய சங்கத்தின் வழிவந்த ‘ரக்பி யூனியன்’ ஊதியத்தை ஏற்க மேலும் நூறாண்டு சென்றது. 1995 ஆகஸ்டில்தான் அத்தடை நீங்கியது.

ஊதியமற்ற அக்காலத்தில் ஆடிப் புகழெய்திய தமிழருள் இலங்கையின் சும்மா நவரத்தினம் குறிப்பிடத்தக்கவர். விரைவோட்டத்தில் பெயர் பெற்ற அவர், 1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடித் தாயகம் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது, இலங்கை அணியில் நின்று அதனை எதிர்த்தவர். அன்று ஆட்டம் தந்தது பெயரை. பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஊதிய யுகத்தின் முதல் பெருவீரர் நியூசிலாந்தின் யோனா லோமு. தொங்கா தீவுப் பெற்றோர்க்கு 1975இல் ஆக்லாந்து நகரில் பிறந்த அவர், 19ஆம் வயதில் நாட்டணியில் இடம்பெற்றார். 1995 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தனியொருவராய் நான்கு முறை பந்தை ஊன்றினார். அவர் புகழ் உச்சியேறிய அவ்வாண்டிலேயே ஆட்டமும் தொழிலாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே அவருடைய சிறுநீரக நோயும் கண்டறியப்பட்டது. நோயுடனேயே ஆடினார். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் எழுவர் ரக்பிப் போட்டியில் தங்கம் வென்ற நியூசிலாந்து அணியில் அவர் இருந்தமையை மலேசிய வாசகர் பலர் நினைவுகூர்வர். 2002இல் நாட்டணி ஆட்டம் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது 27. 2004இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2015இல், 40ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைவுக்குப்பின் அவருடைய இரு மைந்தர்களுக்காக ஆட்டக்காரர் சங்கத்தின் முயற்சியால் அறநிதி ஒன்று அமைக்கப்பட்டது. உலகறிந்த வீரர்க்கே நிலை இதுவாயின், பெயர் வெளிவராத ஆட்டக்காரர் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும்.

தொழிலாட்டக்காரர் பள்ளிப் பருவத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்டு, ஒரு மன்றத்தின் பயிற்சிக் கூடத்தில் சேர்கிறார். பின்னர் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையான ஒப்பந்தங்கள். முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளில் பெரும்பாலோர் ஓய்வு பெறுகின்றனர். முழங்காலோ தோளோ முறியுமாயின் ஓய்வு முன்னரே வந்துவிடும். உடல் நன்றாயிருந்தும் வேலை போவதுண்டு: இங்கிலாந்தில் 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய மன்றங்களும், 2023இல் லண்டன் ஐரிஷும் பணமின்றி முடங்க, அவற்றின் ஆட்டக்காரர் வேறிடம் தேடி அலைய நேர்ந்தது.

இவற்றினும் கொடியது தலையடி. 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், தமக்கு இளவயதிலேயே மறதிநோய் வந்துள்ளதென்றும், அக்கிண்ணத்தை வென்றதே நினைவில் இல்லையென்றும் 2020இல் அறிவித்தார். இன்று தலையடிபட்டவரை உடனே வெளியேற்றிச் சோதிக்கும் விதி உண்டு. தலை மட்டத்திற்குத் தாவி மடக்குவோர்க்குத் தண்டனையும் உண்டு. இவை இடரைக் குறைப்பன, நீக்குவன அல்ல.

பால் வெட்டிய குடும்பத்தார்க்கு இதனை விளக்குதல் அரிதன்று. கன்று நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்தே உளி வைப்பர். ஒருநாள் வெட்டி மறுநாள் மரத்திற்கு ஓய்வு கொடுப்பர். அளவு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் அற்றுவிடும். முறையாக வெட்டினும் முப்பது ஆண்டளவில் மரம் பயன் தீர்ந்து விழும். ஆட்டக்காரர் உடலும் அத்தகையதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மரம் விழுந்தால் தோட்டத்துக்கு மறுநடவு உண்டு, ஆட்டக்காரருக்கோ ஆட்டத்திற்குப் பின்னும் அதே உடலோடு வாழவேண்டிய முப்பது நாற்பது ஆண்டுகள் எஞ்சியுள்ளன.

மலேசியாவில் ரக்பி பழமையானது. பேராக் உள்ளிட்ட நான்கு மாநிலங்களின் பொருளால் கட்டப்பெற்ற ‘மலாயா’ போர்க்கப்பலின் அதிகாரிகள் அளித்த கிண்ணத்திற்காக 1922 முதல் மாநில அணிகள் ஆடத் தொடங்கின. 2018இல் ஆசியாவின் முதல் வரிசைப் போட்டியில் ஹாங்காங், தென்கொரியா ஆகியவற்றோடு மலேசியாவும் இடம்பெற்றது. ஆயினும் ஆட்டம் மட்டுமே பிழைப்பாக அமையும் நிலை இங்கு வேரூன்றவில்லை. 2020இல் மலேசியப் பெயர் தாங்கிய தொழில்முறை அணியொன்று பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது; அதில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்கர். அப்போட்டியும் முதற்சுற்றோடு தொற்றுநோயால் நின்றது. 2025இல் மும்பையில் நடந்த இந்தியாவின் முதல் தொழில்முறை எழுவர் ரக்பிப் போட்டியில் சென்னையின் பெயர் தாங்கிய அணி வாகை சூடியது நம்பிக்கை தருவது. எனினும் அது இரண்டு வார காலப் போட்டியே.

ஆகவே, இம்மாநிலத்து மாணவன் ஒருவன் ரக்பியை நாடுவானாயின், அவனைத் தடுப்பதும் முறையன்று, புத்தகத்தை மூடிவிட்டுத் திடலுக்கு அனுப்புவதும் முறையன்று. தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. உடலுழைப்பு ஒன்றையே முதலாக வைத்து வாழ்ந்த தலைமுறை பட்ட துன்பத்தைப் பெற்றோர் அறிவர். அதே முதலைப் புதுத் திடலில் வைப்பதால் மட்டும் நிலை மாறிவிடாது. நியூசிலாந்தில் ஆட்டக்காரர் சங்கமே, ஆடும் காலத்திலேயே படிப்பையும் கைத்தொழிலையும் கற்க உதவுகிறது. அங்குச் சங்கம் செய்வதை இங்குப் பள்ளியே செய்தல் வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் பிள்ளையின் பாடம் எவ்வளவு பின்தங்கியது என்று வாரந்தோறும் பார்ப்பதும், தலையில் அடிபட்டு வந்தவனை மருத்துவர் சொல்லும்வரை ஆடவிடாதிருப்பதும், ஒப்பந்தத் தாள் வந்தால் பெற்றோர்க்கு அதனைத் தமிழில் வாசித்துப் பொருள் சொல்வதும் ஆசிரியர் செய்யக்கூடிய சிறு தொண்டுகள். திடலில் ஓடும் காலம் பத்தாண்டு. அதன்பின் நடக்கும் காலமே நெடிது.