தலை ஏன் சாய்கிறது?

பனமலை தாளகிரீசுவரர் கோயில், இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். துணைச் சன்னிதிச் சுவரில், குடையின் கீழ் தலைசாய்த்துச் சிவனின் ஆடலைப் பார்க்கும் உமை ஓவியம் இருக்கிறது. அவளது சாய்வு ஓவியனின் கைவண்ணம். மனிதருக்கு அது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கண்ணை அசைப்பவை மூளையிலிருந்து வரும் கபால நரம்புகளில் மூன்று: மூன்றாவது, நான்காவது, ஆறாவது. நான்காம் கபால நரம்பு மிக மெல்லியது. அது செயலிழந்தால் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கவே தலை சாய்கிறது. பிறவியிலேயே இக்குறை உள்ளவரின் பழைய கல்யாணப் படங்களில்கூட மருத்துவர் இந்தச் சாய்வைக் கண்டுபிடிப்பார்! மூன்றாம் நரம்பு கெட்டால் இமை தொங்கும். பாவை விரியவும் கூடும். ஆறாம் நரம்பு கெட்டால் கண் வெளிப்புறம் திரும்பாது. மண்டையோட்டு அடித்தள எலும்பின் மேல் ஏறி வளைந்து செல்வதால், மூளையில் எங்கே அழுத்தம் கூடினாலும் இந்த நரம்பு அடிபடலாம்; பாவம், குற்றம் வேறிடத்தில்.

மூன்றும் சேர்ந்து முடங்கினால் மருத்துவரின் சந்தேகம் பிட்யூட்டரி சுரப்பிக்குப் பக்கத்திலுள்ள கேவர்னஸ் சைனஸ் என்னும் சிரை அறை மீது விழும். அங்கே அவை நெருக்கமாகச் செல்கின்றன. கட்டி, காளான் தொற்று, ரத்தக்குழாய் வீக்கம் என எதுவும் காரணமாகலாம்.

இக்கோளாறுகளைக் கவனிக்கும் மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது.

திடீரென இரட்டைப் பார்வையோ, தலைவலியுடன் இமை தொங்கலோ வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.