மேரேஜ் சர்டிபிகேட் இல்லாமல் குழந்தையின் பிறப்பைப் பதிவது எப்படி?

திருவேற்காட்டில் அம்மன் சந்நிதியில் தாலி கட்டியவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பழகி வீட்டை எதிர்த்து மாலை மாற்றிக்கொண்டவர்கள், வேலை தேடி வடக்கிலிருந்து வந்து பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்கள் எனப் பலரிடம் திருமணப் பதிவுச் சான்று இருக்காது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்பது உண்மைதான். 90 நாள் கெடு, கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆனால் பதியாததாலேயே திருமணம் செல்லாமல் போவதில்லை. குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டிய அவசியமே இல்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பெற்றோரின் திருமணச் சான்றைக் கொண்டுவரச் சொல்லும் பிரிவு எதுவும் கிடையாது. "மேரேஜ் சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால் அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

பிறப்பைப் பதியும் வேலை பிரசவத்துக்குப் பின்பு தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கர்ப்பம் உறுதியான நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் பெயரைச் செவிலியர் பதிந்து, பிக்மி நம்பர் என்ற கர்ப்பப் பதிவு எண்ணைக் கொடுப்பார். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவின்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். தாயின் பெயர், கணவர் பெயர், முகவரி எல்லாம் முதலில் எழுதப்படுவது அங்கேதான். அங்கே எழுதிய எழுத்துதான் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டுக்கும், அங்கிருந்து பிறப்பு அறிக்கைக்கும் போகிறது. தாயின் பெயர் ஆதாரில் தகப்பனார் பெயரோடு ஒரு மாதிரியும் பிக்மியில் கணவர் பெயரோடு வேறு மாதிரியும் இருந்தால் பின்னால் திண்டாட்டம். ஆகவே இனிஷியல், எழுத்துக்கூட்டல் இரண்டையும் அன்றைக்கே ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவர் பெயரைச் சொல்லத் தயங்கி வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்து, எங்கே பதிவது? குடியிருக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில். நம் பகுதியில் அதிகம் அலைய வைப்பது இந்த விஷயம்தான். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, அதுவும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆவடியில் குடியிருப்பவருக்கு எழும்பூர் மருத்துவமனையில் பிரசவம் ஆனால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான், ஆவடியில் போய் நிற்பதில் பயனில்லை. ஊராட்சிப் பகுதியில் வீட்டிலேயே பிறந்துவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும்.

மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் கடமை. படிவம் 1-இல் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் அதை வாங்கி வாசியுங்கள். குழந்தை பிறந்த தேதி, இடம், தந்தை பெயர், தாய் பெயர், பிரசவ நேரத்து முகவரி, நிரந்தர முகவரி ஆகியவை சட்டப் பகுதி. அதற்கடுத்த புள்ளிவிவரப் பகுதியில் திருமணத்தின்போது தாயின் வயது என்ன என்று ஒரு கேள்வி வரும். திருமணத்தைப் பற்றி அந்தப் படிவம் கேட்பது அவ்வளவுதான். பதிவு எண்ணோ சான்றோ கேட்பதில்லை. கையில் வரும் சான்றிதழிலும் பெற்றோர் மணமானவர்களா என்ற பேச்சே இராது. ஆதார் எண்ணையும் இருந்தால் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

தந்தை உடன் இருந்து ஒப்புக்கொண்டால் அவர் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாலும், இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளை என்றே ஏற்கிறது. அவர் விட்டுப் போய்விட்டாலோ, பெயரைச் சொல்லத் தாய்க்கு விருப்பமில்லை என்றாலோ, தாய் பெயர் மட்டும் போதும். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தன் வயிற்றில் பிறந்த குழந்தை என்று தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும். 2023-இல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, மணமாகாத தாய் தானே தகவல் தரலாம் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்.

தாய் 18 வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவமனை போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து வீட்டில் பிரசவம் பார்ப்பது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பிறப்புப் பதிவை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதிந்த 7 நாளுக்குள் முதல் சான்றிதழ் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டினால் போதும். அதன்பின் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் தாண்டினால் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். அங்கே விசாரணை, சாட்சி, பழைய ஆவணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். தினக்கூலிக்குப் போகிறவர் அத்தனை நாள் சம்பளத்தை இழந்து அலைய முடியுமா? குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போடுவதும் தவறு. பெயர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமும் இல்லை.

இதெல்லாம் சொல்லியும் கவுன்ட்டரில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த வழியும் 2023 திருத்தத்தில் வந்ததுதான்.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். முன்புபோல டி.சி.யையோ ரேஷன் கார்டையோ காட்டிச் சமாளிக்க முடியாது. உங்கள் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது எப்போது என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யுங்கள். பிள்ளையின் பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.