கழுத்துக் கட்டியும் அதன் அக்கம்பக்கமும்

கழுத்தில் ஒரு வீக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டால் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். பல்லிலோ தொண்டையிலோ தொற்று வந்தால் அருகிலுள்ள நிணநீர்க் கணு வீங்கும்; தொற்று போனதும் வற்றிவிடும். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் கடந்தும் வற்றாத கட்டியை மட்டும் லேசாக விடக்கூடாது. மூச்சுக்குழல், உணவுக்குழல், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள், தைராய்டு, குரலை இயக்கும் நரம்புகள் என்று அத்தனையும் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் கழுத்து. கட்டி எதிலிருந்து கிளம்பியது என்பதை விரலால் எவ்வளவு கண்டுபிடிக்க முடியும்?

அங்கேதான் சிடி ஸ்கேன் வருகிறது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை இந்த முறையில் முதன்முதலாகப் படமெடுத்தார்கள். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவர் பெயரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. ஆகவே வெறும் கொழுப்புக் கட்டியை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். தைராய்டு, மருந்து எதுவும் ஏற்றாமலே பளிச்சென்று தெரியும். அது அயோடினைச் சேர்த்து வைத்திருக்கிறது. படம் துலங்குவதற்காக ரத்தக்குழாயில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பதும் அயோடின்தான்.

எனக்குப் பெரிய வியப்பு எண்களில் இல்லை. கட்டி தன் அண்டை அயலை எப்படி நகர்த்தியிருக்கிறது என்பதில்தான். கரோட்டிட் தமனி கழுத்தின் நடுவாக்கில் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டையில் அரிசி மணி அளவுக்கு ஓர் உறுப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. அதில் கட்டி வந்தால் இரு கிளைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று அகல விரிக்கும். கான்ட்ராஸ்ட் ஏறியதும் ரத்தக்குழாய்க்கு நிகராகப் பிரகாசிக்கும். பின்னால் ஓடும் வேகஸ் நரம்பில் முளைத்த கட்டியோ, பெரும்பாலும் இரண்டு கிளைகளையும் சேர்த்தே முன்பக்கம் தள்ளும். முதல் வகையில் சதைத் துணுக்கு எடுக்கக் கை வைத்தால் ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு. அதைத் தொடுமுன்பே படம் எச்சரித்துவிடுகிறது!

படம் தடுமாறும் இடமும் உண்டு. தாடைக் கோணத்துக்குக் கீழே, நீர் நிறைந்த ஒரு பை. இளைஞருக்கு அது கருவிலிருந்து எஞ்சிய சாதுவான நீர்க்கட்டியாக இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கோ, டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ ஒளிந்திருக்கும் புற்றுநோய் கணுவுக்குப் பரவியும் இதே தோற்றம் வரும். நம் நாட்டில் காசநோய்க் கணுவையும் மறக்க முடியாது; அதுவும் நடுவில் இருண்டு ஓரத்தில் மட்டும் ஒளிரும். மூன்றையும் பிரித்தறிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். நடுவிலுள்ள நீரை மட்டும் உறிஞ்சினால் புற்றுசெல் அகப்படாமல் போகலாம். பையின் சுவர் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே குத்த வேண்டும். அந்த இடத்தைக் காட்டித் தருவதும் ஸ்கேன்தான்.