முதுகைத் தாங்கும் வயிறு

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியே சென்றால், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ளது. என் தாயார் பிறந்த ஊர் அது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, அங்கிருந்து திருமுக்கூடலுக்கு வருவார். அந்நாளில் நாங்களும் ஆயா வீட்டுக்குச் செல்வது வழக்கம்.

சென்ற ஆண்டு பார்வேட்டையன்று, கூட்டத்தில் நிற்க இயலாமல் என் தந்தையார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோயில் மதிலோரம் அமர்ந்துவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பட்டு நெய்பவர் அவர். "தண்டு தேஞ்சு போச்சும்மா. தறிக்காரனுக்கு இது எழுதி வெச்ச வலி. தறியை வித்துடலாம்னு பாக்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் நான்கு பேருக்குச் சோறு போடுவது அந்த ஒரு தறிதான். அன்று எனக்கு எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. உண்மையில் தேய்ந்தது எலும்பா? அல்லது அதைத் தாங்க வேண்டியவை தளர்ந்தனவா?

கல்வெட்டில் ஒரு மருத்துவமனை

அவர் வலியோடு அமர்ந்த இடம் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையும் நடந்ததை அது கூறுகிறது. ஆதுலர் சாலை என்பது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர் எனப் பணியாளரும் அவர்க்குரிய ஊதிய நெல்லும் குறிக்கப்பட்டுள்ளன. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் ஏரண்ட தைலங்களும் உண்டு. ஏரண்டம் என்பது நம் ஆமணக்கு.

அக்கால அறுவை மருத்துவத்தின் மூலநூல் சுசுருத சங்கிதை. உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, தோல் முதலாக அடுக்கடுக்காக நீக்கிக் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. தசைகள் 500 என்பது அதன் கணக்கு. இன்றைய உடற்கூற்றியல் 600க்கும் மேல் என்கிறது. நாமும் அவ்வழியே வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காகச் செல்வோம்.

பின்சுவர்

முதுகெலும்புத் தொடரில் 33 எலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே திரிகத்தில் 5, வாலெலும்பில் 4. இவை ஒன்றாய் இணைந்துவிட்டவை. இடுப்பின் 5 எலும்புகளுக்கு முன்புறம் விலா எலும்புக் கூடு இல்லை. மேலுடலின் பாரம் முழுவதும் அவற்றின் வழியே இறங்குகிறது. அவற்றை நிமிர்த்தி நிறுத்துவன தசைகளே.

முதுகின் மேலடுக்கில், கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருப்பது டிரபீசியஸ். அதன் கீழே இடுப்பிலிருந்து மேற்கைவரை செல்லும் அகன்ற தசை லாட்டிசிமஸ் டார்சி. இவை முதன்மையாகக் கையையும் தோளையும் இயக்குபவை. அடுத்த அடுக்கில் தண்டின் இருபுறமும் மூன்று மூன்று பத்திகளாக நீண்டு செல்வது எரெக்டார் ஸ்பைனே. நிமிர்த்தும் தசை என்பதே அப்பெயரின் பொருள். அதற்கும் அடியில், ஓர் எலும்பிலிருந்து கிளம்பிச் சில எலும்புகளைத் தாண்டி அடுத்ததைப் பற்றும் சிறு சிறு கற்றைகள் உள்ளன. இவை மல்டிஃபிடஸ். ஒவ்வோர் எலும்பும் தன் இடத்தை விட்டு நழுவாமல் காப்பதில் இவற்றின் பங்கு பெரிது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, இடுப்புத் தண்டின் இருபுறமும் விரல்களை வையுங்கள். மெல்ல முன்னால் சாயுங்கள். விரலுக்கடியில் இரண்டு கயிறுகள் விறைப்பதை உணர்வீர்கள். நீங்கள் முன்னே விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை அவைதாம்.

முன்சுவர்

வயிற்றின் நடுவே, விலாவின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்புக்கூட்டின் முன்னெலும்புவரை நெடுக்காக இறங்கும் இரு பட்டைகள் ரெக்டஸ் அப்டாமினிஸ். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கினால் இது கல்லாவதைத் தொட்டறியலாம். பக்கவாட்டில் மூன்று அடுக்குகள். மேலடுக்கான வெளிச்சாய்வுத் தசையின் இழைகள் சட்டைப்பையில் கை விடும் திசையில் கீழ்நோக்கி முன்னே செல்கின்றன. அதற்கடுத்த உட்சாய்வுத் தசையின் இழைகள் பெரும்பாலும் அதற்குக் குறுக்காக மேல்நோக்கி முன்னே செல்கின்றன. உள்ளடுக்கான டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் அரைஞாண் கட்டியதுபோல் கிடையாக வயிற்றைச் சுற்றுகிறது. இழைகளின் திசை அடுக்குக்கு அடுக்கு மாறுவதால்தான் இம்மெல்லிய சுவருக்கு அவ்வளவு உறுதி. பாவும் ஊடும் குறுக்கிட்டால்தானே துணி?

இம்மூன்று அடுக்குகளின் நார்த்தகடுகளும் நடுவயிற்றில் வெண்கோடு என்னும் பட்டையில், இடமும் வலமுமாகப் பின்னிக்கொள்கின்றன. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் இழைக்கு இழை கோத்துக்கொள்வதைக் கண்ட நம்மூர் மாணவர்க்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இரு சுவரும் ஒரே கலம்

இனிமேல் சொல்வதே முக்கியமானது. கிடையாகச் சுற்றும் அந்த உள்ளடுக்கு, பின்னால் முதுகுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் தடித்த நாருறையோடு இணைந்துவிடுகிறது. எனவே வயிறு தனி, முதுகு தனி அல்ல. மேலே உதரவிதானம் மூடியாகவும், கீழே இடுப்புத்தளத் தசைகள் அடித்தளமாகவும் அமைய, இது நாற்புறமும் தசையாலான ஒரு கலம். சுவர்கள் இறுகும்போது உள்ளே அழுத்தம் உயர்ந்து, தண்டு அசையாமல் நிற்க உதவுகிறது. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் வயிறு இறுகுவதை நாம் அனைவரும் அறிவோம்.

1996இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையை உயர்த்துமாறு சொன்னால், கைத்தசை இயங்குவதற்குச் சற்று முன்பே வயிற்றின் உள்ளடுக்கு இறுகிவிடுகிறது. முதுகுவலி உடையவர்களுக்கோ அது தாமதமாகிறது. அதே ஆண்டில் ஹைட்ஸும் உடனாய்வாளர்களும், முதுகுவலி தீர்ந்த பின்னும் மெலிந்த மல்டிஃபிடஸ் தானாக மீள்வதில்லை என்று காட்டினர். வலி போய்விட்டது என்பதற்காகத் தசை மீண்டுவிட்டதாகக் கொள்ள முடியாது.

குழித்தறியில் நடப்பது

தந்தையார் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதிகளை மாறி மாறி மிதிக்கிறார். உடல் முன்னே சாய்ந்திருக்கிறது. நாடாவை வீசும்போதும் பலகையால் அடிக்கும்போதும் கைகள் ஓய்வதில்லை. முதுகுத் தசையோ ஓரிடத்தில் விறைத்தபடியே நிற்கிறது. ஓயாமல் விறைத்திருக்கும் தசைக்குள் குருதியோட்டம் குறைகிறது. வயிற்றுத் தசை தளர்ந்து கிடப்பதால், அது பகிர வேண்டிய வேலையும் முதுகின் மேல் விழுகிறது. 1960களில் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன், இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட முன்சாய்ந்து அமரும்போது அழுத்தம் கூடுகிறது என்று கண்டார். வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் குருதிக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறிவரும் நீர்மமே அவற்றின் உணவு. அதற்கு அசைவு துணை செய்கிறது.

தந்தையார் எடுத்த ஸ்கேனில் வட்டு சற்றுப் பிதுங்கியுள்ளது என்றிருந்தது. அதைக் கேட்டதும் இடுப்பில் பட்டை கட்டி ஒரு மாதம் படுத்துவிட்டார். எழுந்தபோது வலி கூடியிருந்தது. பிதுங்கிய வட்டு என்றாலே முடிவு என அஞ்ச வேண்டியதில்லை. முதுகுவலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் அல்ல. நீண்ட படுக்கை தசையை மேலும் மெலிவிக்கும் என்பதே இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை.

நாங்கள் செய்தது

அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் சில எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். மல்லாந்து முழங்காலை மடக்கி, மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துப் பத்து எண்ணும்வரை நிறுத்துவது ஒன்று. அதே நிலையில் இடுப்பை உயர்த்தித் தாழ்த்துவது இன்னொன்று. கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையையும் அதற்கு எதிர்க்காலையும் நீட்டுவது மூன்றாவது. மாலையில் நடை. எப்பயிற்சி மிகச் சிறந்தது என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கு மட்டும் முடிசூட்டவில்லை. விடாமல் செய்வதே முக்கியம் என்றார் அவர்.

தறியில் ஒரு மாற்றம் நான் செய்தது. அம்மா தார் சுற்றி அப்பாவின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார். அந்தப் பெட்டியை அறையின் எதிர்மூலைக்கு மாற்றிவிட்டேன். இப்போது தார் வேண்டுமென்றால் அப்பா குழியிலிருந்து ஏறி நடக்க வேண்டும். முதல் வாரம் என்னைத் திட்டித் தீர்த்தார், பிறகு பழகிவிட்டது. இருக்கையில் பழம்புடவையை மடித்துப் போட்டு உயர்த்தியும் உள்ளோம்.

ஓர் எச்சரிக்கை. கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்தால் பயிற்சியும் தைலமும் போதா. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவ்வாண்டு பார்வேட்டைக்கு அப்பா வந்தார். பெருமாள் எழுந்தருளும்வரை நின்றார். அதன்பின் சிறிது நேரம் மதிலோரம் அமர்ந்தார். வலி முழுவதும் போய்விட்டதாக அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் தறியை விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் தறி ஓசையில் வளர்ந்தவர்கள். வகுப்பில் எலும்புக்கூட்டைக் காட்டிப் பாடம் நடக்கும்போது, நம் வீட்டுக் குழியில் குனிந்திருக்கும் முதுகை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். படித்ததை வீட்டிலுள்ளோர்க்கும் சொல்வோம். முதுகு வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், வயிற்றையும் சேர்த்துப் பேணச் சொல்வோம்.