சுவான்சௌ துறைமுக நகரின் பொருளியலும் பண்பாடும்: கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் சூழல்

முன்னுரை

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூசியான் மாநிலத்தில், சின் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது சுவான்சௌ நகரம். பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சூழ நடப்பட்ட ‘சிதோங்’ மரங்களால் அது சிதோங் நகர் எனப் பெயர்பெற்றது. அராபியரும் மார்க்கோ போலோவும் வழங்கிய ‘சைத்தூன்’ என்னும் பெயர் இதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. தமிழகத்தில் கலியாண முருங்கை எனப்படுவது இம்மரமே. கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம் என்பதால் தமிழாய்வுலகம் இந்நகரை நன்கறியும். எனினும் அக்கல்வெட்டு பெரும்பாலும் தமிழரின் கடல்கடந்த பெருமைக்குச் சான்றாக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. அது எழுந்த நகரின் பொருளியலையும் பண்பாட்டையும் நோக்காதவழி அதன் பொருள் முழுமையாக விளங்காது. அச்சூழலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிக நிர்வாகமும் பருவக்காற்றும்

கி.பி. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சொங் அரசவையை அடைந்தன. அக்காலத்தில் சுவான்சௌவில் அரசின் கடல்வணிக அலுவலகம் இல்லை. தென்கடல் வணிகத்தின் தலைமைத் துறை குவாங்சௌவாகவே இருந்தது. 1087இல் சுவான்சௌவிலும் அவ்வலுவலகம் நிறுவப்பட்டது. வந்திறங்கும் சரக்கில் ஒரு பங்கை வரியாகப் பொருள்வடிவிலேயே பெறுதல், மற்றொரு பகுதியை அரசின் சார்பில் விலைக்கு வாங்குதல், புறப்படும் கலங்களுக்கு உரிமச் சீட்டு வழங்குதல் ஆகியன அதன் பணிகள். இவ்வலுவலகத்தின் தலைவராக இருந்த சாவ் ரூகுவா 1225இல் எழுதிய ‘சூ ஃபான் சி’ என்னும் நூல், சோழநாடு உள்ளிட்ட அயல்நாடுகளையும் அவற்றின் விளைபொருள்களையும் விவரிக்கிறது. சுங்க அதிகாரி ஒருவர் இத்தகைய நூலை எழுதினார் என்பதே, வணிகத்திற்கு அந்நிர்வாகம் அளித்த இடத்தைக் காட்டும்.

குளிர்காலத்து வடகாற்றில் கலங்கள் தெற்கே புறப்பட்டன. கோடையின் தென்காற்றில் திரும்பின. நகரின் மேற்கேயுள்ள சியூரி மலையில் அதிகாரிகள் கூடி, நற்காற்று வேண்டி வழிபாடு நிகழ்த்தினர். 1174 முதல் 1266 வரையிலான பாறைக் கல்வெட்டுகள் இதனைப் பதிவுசெய்துள்ளன. இங்கு வழிபாடு அரசின் வணிகக் கடமைகளுள் ஒன்றாகவே அமைந்திருந்தமை கருதத்தக்கது.

உள்நாட்டு உற்பத்தி

இடைத்தரகால் மட்டும் வளர்ந்த துறைமுகமன்று சுவான்சௌ. தெகுவாவின் வெண்களிமண் கலங்களும் சிசாவ் சூளைகளின் மட்கலங்களும் அன்சி பகுதியில் உருக்கப்பட்ட இரும்பும் இத்துறைவழி ஏற்றுமதியாயின. உள்நாட்டையும் துறையையும் இணைக்கக் கற்பாலங்கள் எழுந்தன. 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட லோயாங் பாலத்தின் அடித்தளக் கற்களைப் பிணைக்க அவற்றின்மீது சிப்பிகள் வளர்க்கப்பட்டன. 1151இல் முடிவுற்ற அன்பிங் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது.

இறக்குமதியின் இயல்பை, 1974இல் ஹோசூ விரிகுடாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கலம் காட்டுகிறது. பதின்மூன்று தடுப்பறைகளைக் கொண்ட அக்கலத்தில் 2,300 கிலோவுக்கும் மேற்பட்ட நறுமண மரமும், மிளகு, பாக்கு, குங்கிலியம், ஆமையோடு முதலியனவும் கிடைத்தன. சரக்கின் உடைமையாளரைக் குறிக்கும் மரச்சீட்டுகளும் உடனிருந்தன. ஒரே கலத்தில் பலர் பங்குகொண்ட வணிகமுறையை இச்சீட்டுகளால் அறியலாம்.

பல சமயங்களின் நகர்

இவ்வணிகமே நகரின் பண்பாட்டை உருவாக்கியது. 686இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து 1310இல் புதுப்பிக்கப்பட்ட பள்ளிவாசல், கடலோடிகளைக் காக்கும் மாசு தெய்வத்தின் கோயில், மானி சமயத்தாரின் சாவ்ஆன் கோயில், கிறித்தவக் கல்லறைக் கற்கள் என அதன் எச்சங்கள் பலவாகும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறவி ஒருவர் கடல்வழி வந்து நகரின் தென்புறத்தில் பௌத்தக் கோயில் கட்டினார் என்றும், மலபார்ப் பகுதியைச் சார்ந்த தந்தையும் மகனும் அப்பகுதியில் வாழ்ந்தனர் என்றும் சாவ் ரூகுவா குறிப்பிடுகிறார். எனவே தமிழ்க் கல்வெட்டு எழுவதற்கு முன்பே தென்னிந்தியர் அங்குக் குடியிருந்தமை தெளிவு.

தமிழ்க் கல்வெட்டின் இடம்

1276இல் கடல்வணிகத் தலைவர் பூ ஷோகெங் மங்கோலியர் பக்கம் சேர்ந்தார். அயல்நாட்டு வணிகக் குடும்பத்தில் தோன்றிய அவரது செல்வாக்கால் துறைமுகம் யுவான் ஆட்சியின்கீழும் தொடர்ந்து செழித்தது. 1281ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குப்லாய் கானின் தூதர் யாங் திங்பி சுவான்சௌவிலிருந்து கொல்லம் நோக்கிப் புறப்பட்டு, எதிர்காற்றால் பாண்டியர் ஆட்சியிலிருந்த மாபார்க் கரையை அடைந்தார். அவ்வாண்டுச் சித்திரையிலேயே சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் சுவான்சௌவில் சிவனை எழுந்தருளுவித்தார்.

சேகாசைகானின் ஆணைப்படி, அவர் திருமேனி நலம்பெற அது செய்யப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. சேகாசைகான் குப்லாய் எனக் கருதப்படுகிறார். ‘செச்சென்’ என்பது அவரது மங்கோலியப் பட்டம். கோயிற்பெயரைத் ‘திருக்கானீச்சுரம்’ எனக் கொள்ளும் வாசிப்பை ஏற்பின், இராசராசேச்சரம் போல அரசன் பெயரால் கோயில் அமைக்கும் தமிழக மரபு, மங்கோலியப் பேரரசருக்கும் உரியதாக்கப்பட்டது எனலாம்.

1088ஆம் ஆண்டுச் சுமத்திராக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. சுவான்சௌக் கல்வெட்டிலோ வணிகக்குழுப் பெயர் எதுவும் இல்லை. அங்கு முன்னிற்பன துறவுநிலை சுட்டும் பட்டமுடைய ஒருவரின் பெயரும் அரசாணையுமே. தமிழ் வணிகக்குழு தன் ஆற்றலால் நிறுவிய குடியேற்றம் என்னும் விளக்கத்தை இவ்வேறுபாடு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. அயல்நாட்டார் வழிபாட்டிற்கு இசைவளித்து வணிகத்தை ஈர்த்த ஆட்சிமுறையும், அவ்விசைவை வாழ்த்தால் ஏற்ற குடியேறியோரின் நடைமுறை அறிவும் ஒருங்கே இக்கல்வெட்டில் வெளிப்படுகின்றன.

சிற்பங்களும் இக்கருத்துக்கு அரண்செய்கின்றன. கையுவான் கோயிலிலுள்ள பதினாறு பட்டைத் தூண்களில் நரசிம்மர், கண்ணன் முதலிய உருவங்கள் உள்ளன. இலிங்கத்தை யானை வழிபடும் சிற்பம் திருவானைக்கா தலபுராணத்தை நினைவூட்டும். கதைகள் தென்னிந்தியாவுக்கு உரியன. கல்லும் செதுக்குமுறையும் சீனத்துக்கு உரியன. தமிழர் சொல்லச் சீனத் தச்சர் வடித்த கூட்டுப்படைப்புகளாகவே இவற்றைக் கொள்ளுதல் பொருந்தும்.

வீழ்ச்சியும் எச்சமும்

1357 முதல் 1366 வரை நிகழ்ந்த உள்நாட்டுக் கலகத்தால் அயல்நாட்டு வணிகக் குடிகள் சிதைந்தன. மிங் ஆட்சி தனியார் கடல்வணிகத்தைத் தடைசெய்தது, ஆற்றுமுகம் தூர்ந்தது, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்வணிக அலுவலகம் ஃபூசௌவுக்கு மாற்றப்பட்டது. சிதைந்த கோயில்களின் கற்கள் மதில் திருப்பணிக்கும் பௌத்தக் கோயிலின் புதுப்பிப்புக்கும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது அவற்றுள் பல மீண்டும் வெளிப்பட்டன. 2021இல் இந்நகரின் 22 இடங்கள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன. அப்பட்டியலில் கோயில்களோடு சூளைகளும் பாலங்களும் இரும்பு உருக்குக்களமும் அடங்கும்.

நிறைவுரை

சுவான்சௌவில் பொருளியலும் சமயமும் தனித்தனியே இயங்கவில்லை. காற்றுக்கான வழிபாடும் கானுக்கான கோயிலும் ஒரே துறைமுக ஒழுங்கின் வெளிப்பாடுகள். இவ்வகையில் நோக்கும்போது தமிழ்க் கல்வெட்டின் சிறப்புக் குறைவதில்லை. மாறாக, பிறர் ஆட்சியில், பிறர் கல்லில், தம் மொழியையும் வழிபாட்டையும் நிலைநிறுத்திய சிறு குடியினரின் வாழ்வு அதனுள் தெளிவாகப் புலப்படுகிறது. கடல்கடந்த தமிழ்க் கல்வெட்டுகளை அவை எழுந்த மண்ணின் வரலாற்றோடும் மொழிச் சான்றுகளோடும் இணைத்து ஆராய்வதே இனிச் செய்யத்தக்கது.