உங்களுக்குத் தெரியுமா? கோபுரச் சிற்பமும் இடுப்பின் சமநிலையும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுர வாயிலில், நாட்டிய சாத்திரம் வகுத்த 108 கரணங்கள், அதாவது கை, கால், உடல் ஆகியவை இயைந்து நிகழ்த்தும் அசைவுகள், சிற்பங்களாக இடம்பெற்றுள்ளன. அவற்றுள் பலவற்றில் முழங்கால்கள் மடங்கிப் பக்கவாட்டில் விரிந்திருக்கும் நிலை, பரதநாட்டியத்தின் அரைமண்டியையும் ஐரோப்பிய பாலே நடனத்தின் ‘பிளியே’ என்னும் முழங்கால் மடிப்பையும் நினைவூட்டுகிறது. இவ்விரு மரபுகளிலும் கால்களின் வெளித்திருப்பம், தொடையெலும்பின் பந்துமுனை இடுப்பெலும்பின் கிண்ணக்குழியில் பொருந்தும் மூட்டிலிருந்தே தொடங்க வேண்டும். இடுப்பெலும்பு முன்சாய்ந்தால் கீழ்முதுகு மிகுதியாக வளையும் என்பதாலும், பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்குண்டு நோகும் என்பதாலும், அடிவயிற்றுத் தசைகளையும் இடுப்பின் ஆழ்தசைகளையும் முதலில் வலுப்படுத்துவதே நல்லாசிரியரின் கடமையாகும்.