பழைய கணினிக்குப் புத்துயிர்
லினக்ஸ் பயில்வோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

வீட்டு மூலையிலே துணி போர்த்துக் கிடக்கும் பழைய கணினியை என்ன செய்வது? விற்றால் அரை விலையும் வாராது. எறிந்துவிடவோ மனம் ஒப்பாது. பெற்றோர் பலர் எம்மிடம் இவ்வினாவை விடுத்து வருகின்றனர். விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐயோ பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கண்ட நம் குடும்பங்களுக்குப் புதிய கணினி வாங்குவது இலேசான காரியமுமன்று. இந்நிலையில் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ், கைகொடுக்கும் நண்பனாக நிற்கின்றது.

1991ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆவது வயதில் தொடக்கிவைத்த பணி இது. உலகெங்குமுள்ளோர் அதனை வளர்த்தனர். எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. ஆயினும் இலவசமாக வந்த பசுவுக்கும் புல் போடத்தான் வேண்டும். லினக்ஸைப் பேணும் முறையை அறியாதார் முதல் இடரிலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். அத்தகையோருக்காகவே எம் அனுபவத்திற் கண்ட சிலவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

கற்றுத்தந்த கறுப்புத் திரை

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திரார். அந்நாட்களில் ஒருநாள், எமது கல்லூரியில் வேலை செய்துகொண்டிருந்த லினக்ஸ் கணினி, மின்வெட்டினால் திடீரென அணைந்தது. மின்சாரம் மீண்டபின் அதனை இயக்கினோம். வழக்கமான படம் தோன்றவில்லை. கறுப்புத் திரையும் சில ஆங்கில வரிகளுமே தோன்றின. உயர்தர வகுப்புக்கென நாம் மூன்றாண்டுகளாகத் தட்டெழுதிச் சேர்த்த வினாக்களும் விடைகளும் அதனுள்ளேதான் இருந்தன. வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைத்தோமா? இல்லை. இதனை எழுத இன்றும் நாணுகின்றோம்.

கணினி திருத்துவோர் ஒருவரைத் தொலைபேசியில் வினவினோம். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி" என்றார் அவர். அவர் கூற்றுக்கு நாம் இணங்கும் வேளையில், அருகே நின்ற மாணவன் ஒருவன் திரையை உற்றுநோக்கி, "சேர், என்ன செய்ய வேணுமெண்டு அதிலேயே எழுதியிருக்கே!" என்றான். உண்மைதான். வன்தட்டின் இன்ன பகுதியிற் கோப்பு முறைமை குழம்பியுள்ளது, 'எஃப்.எஸ்.சி.கே.' என்னும் சோதனை ஆணையைக் கையால் இடுக என்று அவ்வரிகள் தெளிவாகக் கூறின. ஆணையைத் தட்டெழுதி, ஓர் இடைவெளி விட்டு, திரை காட்டிய பகுதியின் பெயரைச் சாய்கோடுகளுடன் அப்படியே எழுதினோம். "திருத்தலாமா?" என அது கேட்டபோதெல்லாம் 'ஆம்' என்பதற்குரிய 'வை' எழுத்தை அழுத்தினோம். பின்னர் மறுபடி இயக்கியபோது கணினி வழமைபோல் விழித்தது. ஒரு கோப்பேனும் தொலையவில்லை.

நிகழ்ந்தது யாது? நூலகத்தை எண்ணிப் பாருங்கள். புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு, இடாப்பிற் பதியுமுன் நூலகர் எழுந்து போய்விட்டால் தட்டுக்கும் இடாப்புக்கும் பொருந்தாது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் வன்தட்டிலும் அவ்வாறே நேரும். சிறு முரண்பாடுகளை லினக்ஸ் தானே திருத்திக்கொள்ளும். பெரியதாயின் எம் உதவியை நாடும்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. வன்தட்டே பழுதாகி 'டக், டக்' என ஒலி எழுப்பினால் இச்சோதனையை உடனே செய்தலாகாது. பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, கோப்புகளை வேறிடத்திற்குப் பிரதி செய்வதே முதற் கடமை. அன்று நாமும் அதையே முதலிற் செய்திருத்தல் வேண்டும். எம் நல்லூழ் தப்பினோம்.

நிறுவுமுன் சோதியுங்கள்

லினக்ஸிற் பல வகைகள் உள. புதியவர்க்கும் பழைய கணினிக்கும் லினக்ஸ் மின்டின் 'எக்ஸ்.எஃப்.சி.ஈ.' பதிப்புப் பொருத்தமானது. 2 ஜிகாபைட் நினைவகத்திலும் அது இயங்கும். 4 இருப்பின் நன்று. 8 ஜிகாபைட் பென் ட்ரைவ் ஒன்றில் அதனை எழுதி, கணினியை இயக்கும் வேளையில் எஃப்12, எஃப்2, எஸ்கேப் முதலிய விசைகளுள் உங்கள் கணினிக்குரியதை அழுத்தினால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஒலி கேட்கின்றதா, வைஃபை இணைகின்றதா, அச்சுப்பொறி இயங்குகின்றதா என்பவற்றை அப்பொழுதே சோதியுங்கள். நிறுவத் துணிந்தால், குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் முன்னரே வேறிடத்திற் பிரதி எடுங்கள்.

அடிக்கடி எழும் இடர்கள்

வைஃபை தோன்றாமை: சில வைஃபை அட்டைகளுக்குத் தனி மென்பொருள் வேண்டும். அதனை இறக்க இணையம் வேண்டும். இணையத்திற்கோ வைஃபை வேண்டும்! இச்சிக்கலை அவிழ்ப்பது கைத்தொலைபேசியே. அதனைக் கம்பியாற் கணினியுடன் பொருத்தி, தொலைபேசியின் அமைப்புகளில் இணையத்தை யூ.எஸ்.பி. வழியே பகிரும் வசதியை இயக்குங்கள். பின்பு மின்டிலுள்ள 'டிரைவர் மனேஜர்' உரிய மென்பொருளைத் தேடித் தரும்.

மணி பிழைத்தல்: விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பின், விண்டோஸில் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கக் காணலாம். இது பழுதன்று. கணினியின் உட்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகின்றது. விண்டோஸ் அதனையே உள்ளூர் நேரமென வாசிக்கின்றது. நம் நாட்டு நேரத்திற்கும் பொது நேரத்திற்கும் உள்ள வேறுபாடே அவ்வைந்தரை மணித்தியாலம். உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு 'டைம்டேட்சிரிஎல்' என்னும் ஆணையால் லினக்ஸுக்குக் கட்டளையிடலாம். ஒவ்வொரு நாளும் திகதி பல ஆண்டுகள் பின்சென்று, இணையத்தளங்கள் யாவும் 'பாதுகாப்பற்றவை' எனக் காட்டப்படுமாயின், உள்ளிருக்கும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டதென்க. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் இலக்கமுடையது. சொற்ப விலைக்கே கிடைக்கும்.

உள்ளே நுழைய முடியாமை: கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே மீண்டும் மீண்டும் வருமாயின், வன்தட்டு நிரம்பியிருத்தல் கூடும். கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றும். அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து 'டி.எஃப்.' என்னும் ஈரெழுத்து ஆணையை இடுங்கள். எப்பகுதி நூற்றுக்கு நூறு நிரம்பியதெனக் காட்டும். வேண்டாத பெரிய கோப்புகளை நீக்கினால் வழி திறக்கும்.

தமிழ் எழுத்துகள் சிதைதல்: பழைய ஆவணங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றினால் அஞ்சற்க. அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம். யூனிகோட்டுக்கு மாற்றிவிடுதல் நிலையான தீர்வாகும். புதிதாகத் தட்டெழுத, 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டு மென்பொருளில் தமிழ் 99, ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை அமைப்புகளுள் பழகியதைத் தெரிந்துகொள்ளலாம்.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

பொருள் அறியாத ஆணையை எவர் சொன்னாலும் தட்டெழுதாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கும் ஆணைகளிற் சிறப்பாகக் கவனம் வேண்டும். வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் ஒருவரிடம் ஒப்படைப்பதை ஒத்தது அது.

மின்டிலுள்ள 'டைம்ஷிஃப்ட்' முறைமையை முன்னைய நிலைக்கு மீட்கும். ஆனால் உங்கள் சொந்தக் கோப்புகளை அது வழமையாகச் சேமிப்பதில்லை. இதனை அறியாது ஏமாந்தோர் உளர். படங்களையும் பாடங்களையும் வெளி வன்தட்டொன்றில் வாரந்தோறும் தனியே பிரதி செய்க.

இறுதியாக, கணினிக்கு அருகில் ஒரு கொப்பியை வையுங்கள். என்று எதனை மாற்றினீர்கள், திரை என்ன சொன்னது, எதனால் சரியாயிற்று என்பவற்றைத் திகதியிட்டுக் குறியுங்கள். திரை கறுத்தால் கொப்பியே பேசும். பிறரிடம் உதவி கேட்கும்போதும், "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாது, கண்டதைக் கண்டபடி சொல்ல இயலும்.

எமது கல்லூரிக் கணினியின் அருகிலும் அத்தகைய கொப்பியொன்று கிடக்கின்றது. அதன் முதற் பக்கத்தில், அன்று எமது மூன்றாண்டு உழைப்பைக் காத்த மாணவனின் கையெழுத்திலே ஒரேயொரு வரி உள்ளது: "முதலில் திரையை வாசிக்கவும்." மாணவர்க்கு வாசிப்பின் அருமையை நாள்தோறும் போதிக்கும் எமக்கு, அவ்வரியைக் காணும்போதெல்லாம் சிறிது வெட்கமும் பெரிதும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன.